கழுநீரும் கழிவுநீரும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் நீரைக் ‘கழிவு’ என்று சொல்லி நாம் முகம் திருப்பிக்கொள்கிறோம். அந்நீரில் கரைந்து செல்லும் மாவும் சர்க்கரையும் கொழுப்பும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. அவை உண்டு செரித்தபின் விட்டுச்செல்வது, அடுப்பெரிக்கவும் எந்திரம் இயக்கவும் உதவும் எரிபொருள். அந்நுண்ணுயிர்களின் இயல்பை அறிந்து நடப்பவர்க்கே அப்பயன் கிட்டும். அவ்வியல்பையும், அது நம்மிடம் வேண்டும் ஒழுங்கையும் விளக்குகிறது இப்பாடம்.

கழுநீர்ப் பானை

மாடு வளர்க்கும் வீட்டின் கொல்லையில் ஒரு பானையோ கல்தொட்டியோ இருக்கும். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மிஞ்சிய சோறு ஆகியவை அதில் சேரும். அதற்குக் கழுநீர்ப் பானை என்று பெயர். மாலையில் மாடு அதைக் குடிக்கும். பின்னர் அது பாலாகவும் சாணமாகவும் வீட்டுக்குத் திரும்பும். சாணம் எருவாகி வயலுக்குச் செல்லும். வயல் மீண்டும் நெல்லைத் தரும்.

அப்பானைக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. துணி துவைத்த சோப்பு நீரையோ எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய கார நீரையோ யாரும் அதில் ஊற்றமாட்டார்கள். அறியாது ஊற்றிய பிள்ளையை, “மாடு குடிக்கிற தண்ணியில இதை ஏன் ஊத்துன?” என்று பாட்டி கடிந்துகொள்வார். எந்த நீரை எதனோடு சேர்க்கலாம், எதனோடு சேர்க்கலாகாது என்னும் தெளிவு அவ்வீட்டில் இருந்தது. தொழிற்சாலைக் கழிவுநீரிலிருந்து எரிபொருள் ஆக்கும் இன்றைய தொழில்நுட்பமும் இத்தெளிவின் மீதே நிற்கிறது.

ஏரிகளின் ஊரில் ஆலைகளின் நீர்

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதி ஏரிகளால் அமைந்தது. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் அதன் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லும். ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி உள்ளது. பூந்தமல்லியை அடுத்த திருவேற்காட்டின் வழியே கூவம் ஆறு கோயம்பேட்டை நோக்கி வருகிறது. இந்நிலத்தில் 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. எந்திர உறுப்புகள், வார்ப்படங்கள், ஆடைகள், உணவுப்பொருள்கள் எனப் பலவும் உருவாகும் இடமாக இப்பகுதி வளர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்த வளர்ச்சி அது.

எல்லாத் தொழில்களும் நீரைப் பயன்படுத்துகின்றன. ஆனால், அவை வெளியிடும் நீர் ஒரே வகையினது அன்று. பால்பண்ணையில் கலன்களையும் குழாய்களையும் கழுவிய நீரில் பாலின் கொழுப்பும் புரதமும் சர்க்கரையும் இருக்கும். மாவு, பழச்சாறு, தின்பண்டம் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகளின் நீரும் இத்தகையதே. இவை உயிர்ப்பொருள் நிறைந்த நீர். அளவில் மிகப்பெரிய கழுநீர் எனலாம். மின்முலாம் பூசும் பட்டறையின் நீர் வேறுவகை. அதில் குரோமியம், நிக்கல் முதலிய உலோகங்களும் அமிலங்களும் இருக்கக்கூடும். எந்த உயிருக்கும் அது உணவாகாது. இவ்விருவகை நீரும் ஒரே வாய்க்காலில் கலந்துவிட்டால் என்ன நேரும் என்பதே இப்பாடத்தின் மையக் கேள்வி.

நீரில் கரைந்த ஆற்றல்

கதிரவனின் ஒளியைக் கொண்டு பயிர் மாவுப்பொருளை ஆக்குகிறது. அம்மாவுப்பொருளில் ஆற்றல் அடங்கியுள்ளது. விறகு எரியும்போது வெளிப்படுவதும் அவ்வாற்றலே. மாவு நீரில் கரைந்துவிட்டால் அதைப் பற்றவைக்க முடியாது. ஆயினும், அதன் ஆற்றல் அழிந்துவிடுவதில்லை.

நீரில் எவ்வளவு உயிர்ப்பொருள் உள்ளது என்பதை அளக்க, அதனை முழுமையாக ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று கணக்கிடுவர். இதற்கு ‘வேதி ஆக்சிஜன் தேவை’ என்று பெயர். வீட்டுச் சாக்கடை நீரில் இது ஓர் இலிட்டருக்கு ஏறத்தாழ அரை கிராம்; உணவுப்பொருள் ஆலைகளின் நீரில் சில கிராம்; கரும்புச் சர்க்கரைப் பாகிலிருந்து எரிசாராயம் வடிக்கும் ஆலைகளின் நீரில் 100 கிராம் அளவுக்கும் உயரும்.

இந்நீரை அப்படியே ஏரியில் விட்டால், ஏரியின் நுண்ணுயிர்கள் அதனை உண்ணத் தொடங்கும். உண்ணும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அவை பயன்படுத்திக்கொள்ளும். ஓர் இலிட்டர் தூய நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குகூட இராது. அது விரைவில் தீர்ந்துவிடும். மீன்கள் செத்து மிதக்கும். நீர் கறுத்து நாறும். ஏரியை அழிக்கும் இச்செயலையே மூடிய கலனுக்குள் முறைப்படுத்தினால் எரிபொருள் கிடைக்கும்.

சேற்றில் எழுந்த குமிழி

1776ஆம் ஆண்டு இத்தாலிய அறிவியலாளர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா, மஜ்ஜோரே ஏரியின் கரையோரச் சேற்றைக் கோலால் கிளறினார். எழுந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்துக் கொளுத்தினார், வாயு எரிந்தது. மட்கிய தாவரங்கள் நிறைந்த சேற்றில் அவ்வாயு உண்டாவதை அவர் கண்டறிந்தார். இன்று அதனை மீத்தேன் என்கிறோம்.

மீத்தேனை ஆக்கும் நுண்ணுயிர்கள் மெத்தனோஜன்கள் எனப்படும். நெடுங்காலம் இவை பாக்டீரியாக்களின் ஒருவகை என்றே கருதப்பட்டன. 1977ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர்கள் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆகிய இருவரும் இவற்றின் மரபுப் பொருளை ஆராய்ந்து, இவை பாக்டீரியாக்களிலிருந்து வேறுபட்ட தனிப்பெரும் உயிர்க்குழு என்று நிறுவினர். அக்குழு ஆர்க்கியா என அழைக்கப்படுகிறது. ஆக்சிஜன் பட்டால் மெத்தனோஜன்களின் செயல் ஒடுங்கிவிடும். ஆகையால், சேற்றின் அடியிலும் நெல்வயலின் மண்ணிலும் மாட்டின் அசையிரைப்பையிலும் இவை வாழ்கின்றன.

தெரியுமா?

சாணத்திலிருந்து எரிவாயு எளிதில் கிடைப்பதற்குக் காரணம், மாட்டின் வயிற்றில் வாழ்ந்த மெத்தனோஜன்கள் சாணத்துடன் வெளிவருவதே. புதிய உயிரிவாயுக் கலனைத் தொடங்கும்போது சாணக் கரைசலை அதில் இடுவதுண்டு. தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது இது.

நான்கு பந்தியாக ஒரு விருந்து

கலனுக்குள் நிகழும் காற்றில்லாச் செரித்தலைத் தனியொரு நுண்ணுயிர் செய்வதில்லை. ஒரு குழு விட்டதை அடுத்த குழு உண்ணும்; இவ்வாறு அது நான்கு பந்தியாக நடக்கிறது.

முதல் படி நீராற்பகுப்பு. மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவை பெரிய மூலக்கூறுகள். நுண்ணுயிரின் உடலுக்குள் அவை நுழைய முடியாது. ஆகவே, பாக்டீரியாக்கள் நொதிகளை வெளியே சுரந்து அவற்றைச் சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு அமிலம் என்று சிறியனவாக உடைக்கின்றன.

இரண்டாம் படி அமிலமாக்கம். உடைந்தவற்றை வேறு பாக்டீரியாக்கள் உண்டு, புரோப்பியோனிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் முதலியவற்றையும் ஹைட்ரஜனையும் கார்பன் டைஆக்சைடையும் வெளியிடுகின்றன. இட்லி மாவு புளிப்பதும் இதற்கு நெருங்கிய செயலே.

மூன்றாம் படியில் அவ்வமிலங்கள் அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. நான்காம் படி மீத்தேனாக்கம். மெத்தனோஜன்களில் ஒருவகை அசிட்டிக் அமிலத்தைப் பிளந்து மீத்தேனாக்கும். மற்றொரு வகை ஹைட்ரஜனையும் கார்பன் டைஆக்சைடையும் இணைத்து மீத்தேனாக்கும். கிடைக்கும் மீத்தேனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் வகையினால் உண்டாவது.

இந்நால்வகை உயிர்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஹைட்ரஜன் மிகுந்தால் மூன்றாம் குழுவின் வேலை தடைப்படும். நான்காம் குழு அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் உண்டு தீர்ப்பதால்தான் மூன்றாம் குழு இயங்குகிறது. நான்காம் குழுவுக்கு வேண்டிய உணவையோ மூன்றாம் குழுவே தருகிறது.

வேகத்தில் இவை ஒத்தவை அல்ல. அமிலமாக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். அசிட்டிக் அமிலத்தை உண்ணும் மெத்தனோஜன்களுக்கோ பல நாள் வேண்டும். கலனுக்குள் ஒரே நாளில் அளவுக்கு மீறி உணவைக் கொட்டினால் அமிலம் விரைவாகப் பெருகும். அதை உண்ண மெத்தனோஜன்கள் போதா. நீர் புளித்துவிடும். புளிப்பு மிகுந்தால் மெத்தனோஜன்கள் மேலும் தளரும். அமிலம் மேலும் தேங்கும். இறுதியில் வாயு நின்றுபோகும். ஆகவே, அமில காரச் சமநிலையை நடுநிலையை ஒட்டியும், வெப்பத்தை ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலும் வைத்து, நாள்தோறும் ஒரே சீராக உணவளிக்க வேண்டும். சென்னையின் வெப்பநிலை இதற்கு இயல்பாகவே ஏற்றது. குளிர்நாடுகளில் கலனைச் சூடேற்றவே எரிவாயுவில் ஒரு பகுதி செலவாகிறது.

காற்றூட்டலும் காற்றின்மையும்

கழிவுநீரைத் தூய்மைசெய்யும் பழகிய முறை காற்றூட்டல். பெரிய தொட்டியில் நீரை நிரப்பி, எந்திரத்தால் காற்றைச் செலுத்துவர். ஆக்சிஜன் பெற்ற பாக்டீரியாக்கள் உயிர்ப்பொருளை உண்டு வேகமாகப் பெருகும். நீர் தூய்மையாகும். ஆனால், காற்றைச் செலுத்த மின்சாரம் செலவாகும். உண்டவற்றில் பெரும்பங்கு பாக்டீரியாக்களின் உடலாக, அதாவது கசடாக மாறும். அக்கசடை அகற்றுவது மற்றொரு சுமை.

காற்றில்லா முறையில் காற்றூட்டும் செலவு இல்லை. நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு ஆதலால், அவை மெல்லவே பெருகும், கசடும் குறைவு. உயிர்ப்பொருளின் ஆற்றலில் பெரும்பகுதி மீத்தேனில் தங்கிவிடும். அதுவே நமக்குக் கிடைக்கும் எரிபொருள். இம்முறைக்குக் குறையும் உண்டு. வெளிவரும் நீரில் எஞ்சிய மாசும் நைட்ரஜனும் பாஸ்பரசும் இருக்கும். ஆகவே, அதன்பின் சிறிதளவு காற்றூட்டலும் தேவைப்படும். ஒன்றை விலக்கி மற்றொன்றைக் கொள்ளாமல், இரண்டையும் வரிசைப்படுத்துவதே அறிவுடைமை.

மெல்லப் பெருகும் உயிர்களை ஓடும் நீர் அடித்துச் சென்றுவிடாமல் காப்பது எப்படி? நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்சே லெட்டிங்கா 1970களில் இதற்கு விடை கண்டார். பீட்ரூட் சர்க்கரை ஆலையின் கழிவுநீரைக் கலனின் அடியிலிருந்து மெல்ல மேல்நோக்கிச் செலுத்தியபோது, நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு கடுகளவு மணிகளாகத் திரண்டன. கனமான அம்மணிகள் அடியிலேயே தங்கின. நீர் அவற்றினூடே கடந்து மேலே தூய்மையாக வெளியேறியது. வாயு தனியே பிரிந்தது. இதற்கு ‘மேல்நோக்குப் பாய்வுக் கசடுப் படுகை’ என்று பெயர். வளரும் நாடுகளும் பயன்பெற வேண்டும் என்று கருதிய லெட்டிங்கா இதற்குக் காப்புரிமை பெறவில்லை. 2009ஆம் ஆண்டு சிங்கப்பூரின் லீ குவான் யூ நீர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. இந்தியாவில் கங்கைச் செயல்திட்டத்தின்கீழ் கான்பூரில் நாளொன்றுக்கு 50 இலட்சம் இலிட்டர் கழிவுநீரைத் தூய்மைசெய்யும் இத்தகைய கலன் 1989ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது.

சேலத்து மாவும் கோயம்பேட்டுக் கசடும்

தமிழ்நாட்டில் இம்முறையின் பயனைச் சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளில் காணலாம். இரண்டாம் உலகப்போரால் வெளிநாட்டு வரவு தடைப்பட்ட 1940களில் இத்தொழில் சேலத்தில் வேரூன்றியது. மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவைப் படியவைத்து ஜவ்வரிசி செய்வர். மாவு படிந்தபின் வடியும் நீரில் கரைந்த மாவுப்பொருள் மிகுதி. திறந்த குட்டையில் அது தேங்கினால் புளித்து, நெடுந்தொலைவுக்கு நாறும். நிலத்தடி நீரையும் கெடுக்கும். அதே நீரை மூடிய கலனில் செரிக்கவிட்டு, வரும் வாயுவைக் கொண்டு வெப்பமும் மின்சாரமும் பெறும் முறையைப் பல ஆலைகள் மேற்கொண்டன.

இங்கு ஓர் இடர் இருந்தது. மரவள்ளிக் கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு. அது மெத்தனோஜன்களைத் தாக்கும். ஆயினும், சிறிதுசிறிதாகக் கூட்டி வந்தால் நுண்ணுயிர்கள் ஓரளவுக்குப் பழகிக்கொள்கின்றன. பொறுமையாக ஊட்டுபவர்க்கு அவை இணங்கிப்போகும் என்பதற்கு இது சான்று.

மேற்குப் புறநகருக்கு அருகில், கூவத்தின் கரையில் அமைந்தது கோயம்பேடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். சென்னைக் குடிநீர் வாரியத்தின் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் புதிய ஆலைகள் இயங்கத் தொடங்கின. கோயம்பேட்டு ஆலை நாளொன்றுக்கு 6 கோடி இலிட்டர் நீருக்காக அமைக்கப்பட்டது. இங்கு நீர் காற்றூட்டல் முறையில் தூய்மையாகிறது. அதில் பிரியும் கசடு, மூடிய பெருங்கலன்களில் காற்றின்றிச் செரிக்கப்படுகிறது. வரும் வாயுவிலிருந்து, எந்திரத்தை அரிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்கியபின், மின்னாக்கி இயக்கப்படுகிறது. அம்மின்சாரம் நிலையத்தின் தேவைக்கே பயன்படுகிறது.

கதை இத்துடன் முடியவில்லை. 2019ஆம் ஆண்டு கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி இலிட்டர் நீரை மேலும் தூய்மைசெய்யும் ஆலை தொடங்கப்பட்டது. அந்நீர் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளுக்குக் குழாய் வழியே செல்கிறது. நகரின் சாக்கடை தொழிலுக்கு உரிய நீராகவும் ஆற்றலாகவும் திரும்புகிறது.

ஒரு சிறு கணக்கு

ஓர் உணவுப்பொருள் ஆலை நாள்தோறும் 1 இலட்சம் இலிட்டர் கழிவுநீரை வெளியிடுவதாகக் கொள்வோம். ஓர் இலிட்டரில் வேதி ஆக்சிஜன் தேவை 3 கிராம் எனின், மொத்தம் 300 கிலோகிராம். அதில் 80 விழுக்காட்டைக் கலன் நீக்கினால் 240 கிலோகிராம். நீக்கப்படும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் கிடைக்கக்கூடிய மீத்தேன் 0.35 கனமீட்டர். ஆகவே, நாளொன்றுக்கு 84 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும்.

ஒரு கனமீட்டர் மீத்தேனின் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 10 யூனிட். மின்னாக்கியில் அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாகும் எனக் கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 280 யூனிட் மின்சாரம் பெறலாம். நேரடியாக எரித்தால், வீட்டுச் சமையல் எரிவாயு உருளைகள் நான்கின் வெப்பத்துக்கும் மேற்பட்டது கிட்டும். இவை உயர்ந்தபட்ச அளவுகள். நடைமுறையில் சற்றுக் குறையும். இதே மாசைக் காற்றூட்டி நீக்கினால், மின்சாரம் வருவதற்கு மாறாகச் செலவாகும்.

தெரிந்து தெளிவோம்

உயிரிவாயுவில் ஏறத்தாழ 55 முதல் 70 விழுக்காடு மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கார்பன் டைஆக்சைடு. அதை நீக்கி அழுத்தினால் ஊர்திகளுக்கு எரிபொருளாகும். இத்தகைய அழுத்தப்பட்ட உயிரிவாயுவை ஊக்குவிக்க இந்திய அரசு 2018ஆம் ஆண்டு ‘சதத்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது.

பிரித்தலே முதற்பணி

இவ்வளவு பயனுள்ள முறை எல்லாத் தொழிற்பேட்டைகளிலும் எளிதில் கைகூடாதது ஏன்? விடை கலனில் இல்லை. கலனுக்கு வரும் வாய்க்காலில் உள்ளது.

பால்பண்ணையின் நீர் மெத்தனோஜன்களுக்கு விருந்து. அதில் மின்முலாம் பட்டறையின் நீர் கலந்தால் அவ்விருந்தில் நஞ்சு கலந்ததாகிவிடும். குரோமியமும் நிக்கலும் நுண்ணுயிர்களின் நொதிகளைச் செயலிழக்கச் செய்யும். நான்கு குழுக்களில் பெரிதும் பாதிக்கப்படுவது மெல்ல வளரும் மெத்தனோஜன் குழுவே. ஒரே இரவில் கொட்டிய நஞ்சு, பல மாதம் வளர்த்த நுண்ணுயிர்க் கூட்டத்தை அழித்துவிடக்கூடும். பிழைத்த கசடிலும் உலோகங்கள் படிந்துவிடும். அதை வயலுக்கு எருவாக இட இயலாது. எரிபொருளும் போகும், எருவும் போகும், நீரும் தூய்மையாகாது.

இதனால்தான் தோல் பதனிடும் தொழிலில் குரோமியம் கலந்த நீரை மற்ற நீரோடு சேர்க்காமல், தனியே பிரித்து, குரோமியத்தை மீட்கும் முறை வகுக்கப்பட்டது. மீட்ட குரோமியம் மீண்டும் பயன்படும். மற்ற நீரைத் தூய்மைசெய்வதும் எளிதாகும். பிரித்தால் இரண்டும் செல்வம். கலந்தால் இரண்டும் நஞ்சு.

கலந்துவிட்டதன் விளைவை மேற்குப் புறநகர் மக்கள் கண்ணாரக் கண்டனர். வீட்டுச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து கொரட்டூர் ஏரிக்குள் புகுந்தன. முன்பு குடிநீர் தந்த ஏரியைக் காக்க அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. ஏரிக்குள் சென்று கலந்தபின் எந்தத் துளி உணவு, எந்தத் துளி நஞ்சு என்று பிரிக்க எந்த எந்திரத்தாலும் எளிதில் இயலாது. ஆலையின் குழாய் வாயிலில் அதே பணி எளிது.

மற்றோர் உண்மையையும் மறத்தலாகாது. மூடிய கலனுக்குள் எரிபொருளாகும் அதே வாயு, காற்றோட்டமற்ற சாக்கடைக் குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் உயிர்குடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகுந்த இடத்தில் ஒருவர் சில நொடிகளில் மயங்கி விழக்கூடும். மீத்தேன் காற்றோடு கலந்தால் சிறுபொறியும் வெடிப்பை உண்டாக்கும். பாதுகாப்பின்றி மனிதரை அவ்விடங்களில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. தடை இருந்தும் உயிரிழப்புகள் முற்றிலும் நின்றபாடில்லை. கழிவுநீரை அறிவியல் முறைப்படி கையாளுதல் எரிபொருளுக்கான வழி மட்டுமன்று. மனித மாண்பைக் காக்கும் வழியுமாகும்.

காற்றில் தப்பும் மீத்தேனும் கேடு செய்வதே. நூறாண்டுக் கால அளவில், புவியை வெப்பமாக்குவதில் அது கார்பன் டைஆக்சைடைவிட எடைக்கு எடை ஏறத்தாழ 28 மடங்கு வலியது. திறந்த குட்டையில் கழிவுநீர் அழுகும்போது மீத்தேன் வானில் கலக்கிறது. அதைப் பிடித்து எரித்தால் புவிக்கும் நன்மை. நிலக்கரியும் அந்த அளவுக்கு மிச்சமாகும்.

பானையின் பாடம்

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கூலி கேட்பதில்லை, ஓய்வு கேட்பதில்லை. அவை கேட்பவை மூன்று: காற்றுப் புகாத இடம், சீரான உணவு, நஞ்சற்ற நீர். முதலிரண்டையும் பொறியாளர் தருவார். மூன்றாவதைத் தருபவர்கள் ஆலை உரிமையாளரும், அங்கு வால்வைத் திறக்கும் தொழிலாளியும், எண்ணெயையும் வண்ணப்பூச்சையும் வீட்டுச் சாக்கடையில் ஊற்றாதிருக்கும் நாமும்தாம். நாளை உங்களுள் சிலர் அம்பத்தூர்ப் பட்டறைகளில் பணிபுரியலாம். சிலர் ஆலை நடத்தலாம். சிலர் சுத்திகரிப்பு நிலையத்தின் பொறியாளராகலாம். எப்பணியில் இருப்பினும், ஒரு குழாயை மற்றொன்றோடு இணைக்கும் முன், கழுநீர்ப் பானையருகே நின்ற பாட்டியின் கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.

சொல்லும் பொருளும்

கழுநீர் – அரிசி களைந்த நீர்
கசடு – நீரில் படியும் திண்மக் கழிவு
நொதி – உயிரினத்தில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
அசையிரைப்பை – அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பை
உபரிநீர் – கொள்ளளவுக்கு மேற்பட்டு வழியும் நீர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு நாளில் வெளியேறும் நீரை வகைப்படுத்துக. அவற்றுள் நுண்ணுயிர்களுக்கு உணவாகக்கூடியவை, ஆகாதவை எவை எனப் பட்டியலிடுக.
2. உங்கள் ஊரின் ஏரி அல்லது குளத்துக்கு நீர் வரும் வழிகளைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அன்றும் இன்றும் என ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
3. ‘தொழில் வளர்ச்சியும் நீர்நிலைப் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

பயிற்சி

பலவுள் தெரிக

1. மெத்தனோஜன்கள் சேரும் உயிர்க்குழு
அ) பூஞ்சை ஆ) பாசி இ) ஆர்க்கியா ஈ) வைரசு

2. கலனில் நீர் புளித்துப் போவதற்குக் காரணம்
அ) அமிலம் உண்டாகும் அளவுக்கு மீத்தேனாக்கம் நிகழாமை ஆ) ஹைட்ரஜன் முற்றிலும் இல்லாமை இ) உணவு சீராகக் கிடைத்தல் ஈ) நீரின் வெப்பம் 35 பாகையாக இருத்தல்

குறுவினா

1. வேதி ஆக்சிஜன் தேவை என்றால் என்ன?
2. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் நுண்ணுயிர்களுக்கு இடர் தரும் பொருள் எது? அது எங்கிருந்து வருகிறது?

சிறுவினா

1. ‘பிரித்தால் இரண்டும் செல்வம், கலந்தால் இரண்டும் நஞ்சு’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. காற்றூட்டல் முறையையும் காற்றில்லா முறையையும் ஒப்பிடுக.

நெடுவினா

கழிவுநீரிலிருந்து எரிபொருள் பெறுவதில் நுண்ணுயிர்களின் பங்கையும் மனிதரின் பொறுப்பையும் பாடப்பகுதி கொண்டு விளக்கி எழுதுக.